வாசற்படி இல்லாத வீடு

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். புருவத்தில் சிமெண்ட் படிந்து இரண்டு பேருக்கும் வயது கூடின மாதிரி இருக்கிறதே தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்குகிற நேரத்தில் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் முதலில் அதைச் சரி செய்துவிட்டு வந்து மீதியைப் படி. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. என்ன செய்வது, இந்த நிலத்தில் போனுக்கு சிக்னல் கிடைத்தது மணல் குவியலின் உச்சியில் மட்டும்தான், இத்தனை மாதமும் அதன்மேல் ஏறி நின்றுதான் உன்னிடம் கத்திக்கொண்டிருந்தேன், இப்போது பூச்சு வேலையில் அந்தக் குவியல் மொத்தமும் சுவருக்குப் போய்விட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் போனால் உன் செய்திகள் வரிசையாக வந்து விழுகின்றன, ஆனால் அங்கே நின்று பேசினால் நிற்கிற அத்தனை பேரும் காதை நம் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். அதுவும் ஒருவகையில் நல்லதுதான். போனில் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன், நீ அழுவாய், நான் சமாதானம் சொல்வேன், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

போன மாதம் அப்பா உனக்குப் போன் செய்து, எங்களை அங்கேயே கூட்டிட்டுப் போயிடும்மா, இந்த வீடு எனக்கு வேணாம் என்று சொன்னதிலிருந்து உனக்குத் தூக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து எங்களுக்குக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டாய், அரைகுறை வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்பி வாங்க என்கிறாய், அலுவலகத்தில் உட்கார்ந்து அழுததாகவும் எழுதியிருக்கிறாய். உனக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதை இப்போதே சொல்லிவிட்டால் நீ மீதியைப் படிக்காமல் சண்டைக்கு வருவாய், உன்னைப் பெற்றவளுக்கு உன்னைத் தெரியாதா. அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவர் உன்னிடம் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. இப்போது சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பயப்படாமல் படி.

நகரத்தில் நாம் இருந்த இரண்டாம் மாடியை நீ மறந்திருக்க மாட்டாய். ஒருவர் ஏறினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிய படிக்கட்டு, கீழே இறங்கினால் நடைபாதை முழுக்க நிறுத்தி வைத்த வண்டிகள். கண்ணில் அழுத்தத்தால் போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டு முடிந்தவரை காப்பாற்றுவோம் என்று டாக்டர் சொன்ன பிறகு உன் அப்பா அந்தப் படிக்கட்டில் தனியாக இறங்குவதை நிறுத்திவிட்டார். குழாய் வழியாகப் பார்ப்பது போல நேர் எதிரே இருப்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது, பக்கத்தில் இருப்பதும் காலடியில் இருப்பதும் தெரிவதில்லை. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் முன்னும் பின்னும் நடந்து டிக்கெட் கிழித்த கண்டக்டர், வளைவில் வண்டியே சாய்ந்தாலும் தான் சாயாத மனுஷன், ஒரு சோப்பு வாங்கக் கடைக்குப் போக என் தோளைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது சுகமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்வாரே, அது பச்சைப் பொய். உட்கார்ந்து உட்கார்ந்து சுருங்கிக்கொண்டே வந்தார். அப்போதுதான் அவர் கடைசி வருடங்களில் வேலை பார்த்த பஸ் தடத்தில், ஊரைத் தாண்டி, இந்தத் துண்டு நிலம் விலைக்கு வந்தது. பார்க்கப் போன அன்று பஸ்ஸில் அவர் வெளியே திரும்பாமலே அடுத்த வளைவையும் அடுத்த நிறுத்தத்தையும் வண்டி வந்து சேரும் முன்னே சொல்லிக்கொண்டு வந்தார், குரலில் பழைய அதட்டல் திரும்பியிருந்தது, பக்கத்து சீட்டில் இருந்தவர் டிக்கெட்டை எடுத்து நீட்டாத குறை. நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். மாடி வீட்டை விற்றோம். உன் அத்தை வந்தாள், நாக்கில் நரம்பில்லாமல், கண்ணு போற மனுஷனுக்கு எதுக்கு அண்ணி காட்டுக்குள்ள வீடு, யாரு பார்த்து ரசிக்கப் போறாங்க என்று கேட்டாள். கேட்டது அவருடைய சொந்தத் தங்கை. நான் டேப்பைத் தேடி எழுந்து போய்விட்டேன்.

ஆமாம், தையல் டேப்தான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தவளுக்கு வீடு மட்டும் வேறு எப்படிக் கட்டத் தெரியும்? உன் அப்பாவை நிற்க வைத்துத் தோளகலம் அளந்தேன், இரண்டு கையையும் வீசி நடக்கச் சொல்லி அதையும் அளந்தேன், கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தொடச் சொல்லிக் கை தானாகப் போய்ப் படுகிற உயரத்தைக் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு அளவெடுக்கச் சொன்னா எனக்கு எடுக்கிற, சவப்பெட்டியா செய்யப் போற என்று கேட்டார், வாயில் குண்டூசி வைத்திருந்ததால் தப்பித்தார். இங்கே எங்களுக்கு வாய்த்த என்ஜினீயர் உன்னைவிடச் சின்னப் பெண். முதலில் அவள் வரைந்து கொண்டுவந்த படம் ரொம்ப அழகு, ஒரு படி ஏறினால் ஹால், ஒரு படி இறங்கினால் சாப்பாட்டு அறை, இப்போது எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்களாம். நான் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துணி வெட்ட வைத்திருக்கும் பழுப்புக் காகிதத்தில் நானே வரைந்ததை விரித்தேன். வாசலிலிருந்து பின்பக்கம் வரை நேராக ஒரே நடை, இரண்டு பக்கமும் அறைகள், நடையில் ஒரு தூண் கூடாது, நீட்டிக்கொண்டு ஒரு மூலை கூடாது. பாதி திறந்து நிற்கிற கதவைப் போல அவருக்கு எதிரி கிடையாது, நெற்றித் தழும்பு அப்படி வந்ததுதான், அதனால் எல்லாக் கதவும் சுவருக்குள் ஒதுங்குகிற தள்ளுக் கதவு. நடையில் சொரசொரப்பான டைல், அறைகளில் வழுவழுப்பு. எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த வீட்டில் ஒரு படி இருக்கக் கூடாது, வாசலிலும் கூடாது, குளியலறையிலும் கூடாது. அந்தப் பெண் பென்சிலைக் கடித்துக்கொண்டு உன் அப்பாவைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், அப்புறம், ஆன்ட்டி, என் படத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க, நான் வேற வரைஞ்சுட்டு வரேன் என்றாள். வாசலுக்குப் படிக்குப் பதில் நீளமான சரிவு, வாசலை ஒட்டிக் குறுக்கே கம்பி வலை போட்ட ஒரு வாய்க்கால், குளியலறைத் தரை கடைசிச் சுவரைப் பார்த்துச் சாய்வு, எல்லாம் அவள் மூளை. மேஸ்திரிதான் தலையில் அடித்துக்கொண்டார். வாசப்படி இல்லாம ஒரு வீடாம்மா, பூச்சி பொட்டு வரும், மழைத் தண்ணி விருந்தாளி மாதிரி நேரா உள்ள வரும், என் கையால கட்டினதைப் பார்த்து நாலு பேரு சிரிப்பாங்க என்று ஒரே புலம்பல்.

நானும் ஒரு கூத்து பண்ணினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரம் தோண்டும் முன் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினார்களா, பார்த்தால் என் சமையலறை தீப்பெட்டி அளவுதான் இருந்தது. உடனே ஒரு பக்கக் கோட்டை அழிக்கச் சொல்லி நடைக்குள் தள்ளிப் போடச் சொன்னேன். உன் அப்பா வாசலிலிருந்து அந்தக் கோடுகளுக்கு நடுவே கையை வீசிக்கொண்டு நடந்து வந்தார், சமையலறை வந்ததும் நின்று, இங்க சட்டை பிடிக்குது, கொஞ்சம் தளர்த்தித் தைம்மா என்றார். வேலையாட்கள் எல்லாம் சிரிக்க, வாயை மூடிக்கொண்டு பழைய கோட்டையே போடச் சொன்னேன். தரையில் கோடாக இருக்கும்போது எந்த அறையும் அப்படித்தான் சின்னதாகத் தெரியுமாம், சுவர் எழும்பிக் கூரை விழுந்த பிறகுதான் விரியுமாம், அந்தப் பெண் இதை எனக்கு முன்னமே சொல்லியிருக்கலாம்.

மாடி வீட்டை வாங்கியவர் அவசரப்பட்டதால் கட்டுகிற இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடிவந்தோம், அதற்கு நீ போட்ட சண்டை இன்னும் என் காதில் இருக்கிறது. நீ சொன்னதில் பாதி உண்மை. வெயிலில் கொட்டகை அடுப்பாகிவிடும், சாப்பாட்டில் மணல் கடிபடும், ஜல்லி லாரி கொட்டுகிற சத்தத்தில் தையல் மெஷின் தானாக நகரும், குளிக்கத் துணி கட்டி மறைத்த மூலை. ஆனால் உன் அப்பாவை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் லாரி பின்னால் வரத் தடுமாறியதைப் பார்த்ததும் பெட்டியைக் குடைந்து பழைய விசிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், நேர் எதிரே மட்டும் தெரிந்தால் லாரிக்கு வழி சொல்ல அது போதாதா, அவர் விசில் அடித்தால் டிரைவர்கள் மறுபேச்சுப் பேசாமல் கேட்டார்கள். அதைவிடப் பெரிய வேலை ஒன்று அவருக்குக் கிடைத்தது. கட்டின சுவர் இறுக வேண்டுமென்றால் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும், மேஸ்திரி அதற்கு ஆள் வைக்கப் பார்த்தார், உன் அப்பா விடவில்லை. ஒரு கையில் தண்ணீர்க் குழாய், மறு கை சுவர்மேல், எந்த இடம் காய்ந்திருக்கிறது என்பதைத் தடவித் தடவிப் பார்த்து நனைப்பார். முழங்கால் உயரத்தில் இருந்தபோதும் தொட்டார், இடுப்புக்கு வந்தபோதும் தொட்டார், தலைக்கு மேலே போனபோதும் தொட்டார். ஜன்னலுக்கு விட்ட இடைவெளி, கதவுக்கு விட்ட இடைவெளி, ஒரு செங்கல் கொஞ்சம் துருத்திக்கொண்டு இருந்தால் அதுகூட அவருக்குத் தெரியும். ஒருநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, அந்த மூலைச் சுவர் வயிறு தள்ளியிருக்கு பாருங்க என்றார், மேஸ்திரி மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, எங்க சார் தள்ளியிருக்கு, உங்க வயிறுதான் தள்ளியிருக்கு என்றார், சுவர் சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் அன்றிலிருந்து சிநேகிதர்களாகிவிட்டார்கள். வேலையாட்கள் போன பிறகு சாயங்காலம் அவர் தனியாக வாசலிலிருந்து பின்பக்கம் வரை ஒரு நடை நடந்துவிட்டு வருவார், நான் கூடப் போகக் கூடாது. திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்கவே நான் அடுப்பை விட்டு எழுந்து வெளியே வருவேன்.

அந்தச் சாயங்கால நடையில்தான் விழுந்தார். பதறாதே, முழுக்கக் கேள். கூரை போட்டாகிவிட்டது, வாசலுக்கு மரச் சட்டம் நிறுத்தியாகிவிட்டது, நான் டைல் பார்க்க நகரத்துக்குப் போயிருந்தேன். மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. காலம் பூராவும் வாசற்படி வைத்த கை, அம்மா வரதுக்குள்ள அழகா ஒரு படி வச்சுட்டா பார்த்ததும் மனசு மாறிடும் என்று நினைத்துக்கொண்டு செங்கல் வைத்துப் பூசி, ஓரத்தில் ஒரு பூவேலைகூடப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டுமாம். அவர் வழக்கம்போல் கையை வீசிக்கொண்டு போனார். உதடு கிழிந்து, மணிக்கட்டு பிசகி, நான் பஸ் இறங்கி வந்தபோது அந்தப் படிமேலேயே உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் ரத்தம். வலிக்குதா என்று கேட்டேன். இது எப்போ வந்துச்சு என்று மட்டும் கேட்டார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம், எலும்பு முறியவில்லை, உதட்டில் தையல் போட்டார்கள், கட்டுப் போட்ட கையோடு மறுநாளே வந்துவிட்டோம். உடம்பில் பட்டது சீக்கிரம் ஆறிவிட்டது.

மனசில் பட்டது ஆறவில்லை. மறுநாள் மேஸ்திரி வந்து விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார், அந்த ஆள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தானே சுத்தியலை எடுத்து அந்தப் படியை உடைத்தார், பூவேலையைத்தான் முதலில் உடைத்தார். நான் கொட்டகைக்கு ஓடிப் போய், உடைச்சாச்சு, தடமே இல்லை, வந்து பாருங்க என்றேன். உன் அப்பா தகரச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்னைக்குப் படி, நாளைக்கு யாராவது ஒரு வாளியை வைப்பாங்க, இந்த வீட்டுக்கும் எனக்கும் சரிப்படாது, நீ ஆசைப்பட்டே, கட்டினே, போதும் என்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு மணல் குவியல்மேல் ஏற்றிவிடச் சொன்னார், உனக்குப் போன் செய்தது அன்றைக்குத்தான். அவர் உன்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் கீழே நின்று அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், சரிந்துவிடக் கூடாதே என்று. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அதற்குப் பிறகு விசில் இல்லை, தண்ணீர் விடுவது இல்லை, சாப்பிடக் கூப்பிட்டால்கூட நான் கையைப் பிடித்தால்தான் எழுந்திருப்பார். தோளைப் பிடித்து நடந்த காலத்திலும் முறைத்துக்கொண்டே பிடிப்பார், இப்போது பேசாமல் பிடித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ ஒழித்து வைத்திருக்கும் அறையைப் பற்றி நானும் யோசித்தேன், உன்னிடம் மறைப்பானேன். வீட்டை விற்கச் சொல்லி என்ஜினீயர் பெண்ணிடம் பேசலாமென்று வாயெடுத்து வாயெடுத்து நிறுத்தினேன். பிடிவாதக்காரி என்று பெயரெடுத்த உன் அம்மா அத்தனை ஆடிப்போயிருந்தேன்.

அப்புறம் மழை வந்தது. அன்றைக்குச் சிமெண்ட் லாரி மாலை மசங்குகிற நேரத்தில் வந்தது, இறக்கினவர்கள் அவசரத்தில் மூட்டைகளை வாசலுக்கு வெளியே வெட்டவெளியில் அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள், காலையில உள்ள எடுத்து வச்சுக்கலாம் என்று மேஸ்திரியும் ஆட்களோடு கிளம்பிவிட்டார். வானம் அப்போது துடைத்து விட்ட மாதிரி இருந்தது. அப்பாவுக்குச் சொட்டு மருந்து தீர்ந்திருந்தது, பஸ் நிறுத்தத்துக் கடையில் வாங்கி வரப் போனேன். மருந்தை வாங்கிக் காசு கொடுக்கிறேன், படபடவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு மூட்டை நனைந்தாலும் பாறைதான், அத்தனை மூட்டையும் போனால் வேலை நின்றுவிடும், தார்ப்பாய் வீட்டுக்குள் கடைசி அறையில் கிடக்கிறது, கொட்டகையில் படுத்திருப்பவரோ எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அந்தச் சேற்றில் ஓடி வந்தேன், இந்த வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. பாதை திரும்புகிற இடத்தில் வந்து பார்க்கிறேன், மூட்டைகள் மேலே தார்ப்பாய். நாலு பக்கமும் இழுத்து விட்டு, காற்றில் பறக்காமல் செங்கல் வைத்திருந்தது. ஆள் யார் வந்தது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. கதவு இல்லாத அந்த வாசலில், சட்டத்தில் சாய்ந்துகொண்டு, ஈரத் தலையோடு உன் அப்பா நிற்கிறார். அங்க ஏன் நின்னு நனையிற, உள்ள வா என்றார்.

முந்தானையைப் பிழிந்துகொண்டே உள்ளே போனேன். அவரே சொன்னார், கொட்டகைத் தகரத்தில் முதல் துளி விழுந்ததுமே மூட்டை வெளியில் கிடக்கிறது ஞாபகம் வந்துவிட்டதாம், என்னைக் கூப்பிட்டுப் பார்த்தாராம், நான் இல்லை. சரிவில் ஏறி, வாசல் வந்ததும் காலை நீட்டித் தடவிப் பார்த்தாராம், படி இல்லை. அப்புறம் சுவரில் கையை வைச்சேன், எல்லாம் நான் தண்ணி விட்ட சுவருதானே, அதுபாட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு என்றார். எல்லாம் பிரமாதம், தார்ப்பாய் என்று நினைத்து என்னுடைய நல்ல போர்வையையும் சேர்த்து மூட்டைமேல் விரித்திருக்கிறார், அது இனி எதற்கும் ஆகாது. நூறு போர்வை போனாலும் நான் திட்டியிருக்க மாட்டேன். மழை விடும் வரை இருவரும் அங்கேயே நின்றோம். என்னைக் குனிந்து தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு ஈரம் இல்லை, அந்தப் பெண் போட்ட வாய்க்கால் அத்தனையையும் வாங்கிக்கொண்டது. மறுநாள் மேஸ்திரியை வாசலில் உட்கார வைத்துத் தரையைத் தடவச் சொல்லி ஒரு மணி நேரம் அப்பாவின் உபதேசம் நடந்தது, அந்த மனுஷன் இப்போது போகிற இடமெல்லாம் இந்த வீட்டைத் தன் யோசனை மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாராம், சொல்லட்டும்.

ஆக, நாங்கள் அங்கே வரவில்லை. வருத்தப்படாதே, கண்ணே. நீ அறை ஒழித்தது, கட்டில் வாங்கியது எல்லாவற்றையும் நினைத்து எனக்குப் பெருமைதான், இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறோமே என்று உன் அப்பாவும் நானும் பேசாத நாள் இல்லை. ஆனால் உன் வீட்டில் அவர் விருந்தாளி, நீ வேலைக்குப் போனால் மறுபடியும் ஜன்னலோரம் நாற்காலிதான். இங்கே காலையில் எழுந்து தானே நடந்து போய்த் தேநீர் போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவருகிறார், சர்க்கரை அள்ளிப் போடுகிறார், அதைத்தான் நிறுத்த முடியவில்லை. இருக்கிற பார்வையும் ஒருநாள் போகும் என்று டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த நாள் வரும்போது அவர் இந்த வீட்டில் இருக்க வேண்டும், நான் வேண்டுவது அவ்வளவுதான். போன வாரம் கொட்டகையைப் பிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டோம். வண்ணம் அடிக்கவில்லை, இரண்டு கதவு இன்னும் வரவில்லை, குளியலறைக்குத் துணிதான் தொங்குகிறது, ஆனால் நான் வெட்டித் தைத்த வீடு, வாலு, ஒரு இடத்திலும் இறுக்கிப் பிடிக்கவில்லை. உன் அத்தைகூட வந்து பார்த்தாள். அண்ணன் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வோர் அறையாகக் காட்டினார், அவள் பாதி வழியில் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள், என்னிடம் வந்து, இங்க பக்கத்துல நிலம் ஏதாச்சும் இருக்கா அண்ணி என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

முதுகு வலி என்று எழுதியிருந்தாயே, வளைந்து உட்கார்ந்து வேலை பார்க்காதே, நாற்காலியை மாற்றிக் கேள், கூச்சப்படாதே. அழுகை வந்தால் அலுவலகத்தில் அழாதே, வீட்டுக்கு வந்து நிம்மதியாக அழு. விடுமுறை கிடைத்ததும் கிளம்பி வா, நடைக்கு இடது பக்கம் இரண்டாவது அறை உன்னுடையது. நீ எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு, வாயும் வம்புமாக நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. வந்ததும் பெட்டியையும் பையையும் வழக்கம்போல் நடுவழியில் போடாதே, நேராக உன் அறைக்குக் கொண்டுபோய்விடு. அப்பா வாசலுக்கு வந்து நிற்பார், பார்த்ததும் உனக்கு அழுகை வரும், ஓடிப் போய் அவர் கையைப் பிடிக்கத் தோன்றும். பிடிக்காதே. அவர் உன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவார். இந்த வீட்டில் வழி தெரியாதவள் நீதானே.

இப்படிக்கு,
உன் அம்மா
(பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, போர்வை விஷயத்தை அடிக்கச் சொல்லும் உன் அப்பாவும்)